சாபமாவது, சூனியமாவது!

பாஸ்டன் ரெட் சாக்ஸின் 86 ஆண்டு ஏக்கம் தீர்ந்த 2004 சீசன்

19-8.

பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஒரு பழைய ஸ்கோர்போர்டு உண்டு. இன்றைக்கும் ஆள் உள்ளே நின்று எண் பலகைகளைக் கையால்தான் மாட்டுகிறார். 2004 அக்டோபர் 16, சனிக்கிழமை இரவு அந்த ஆளுக்கு வேலை கொடுத்ததெல்லாம் நியூயார்க் யாங்கீஸ்தான். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னால் ரெட் சாக்ஸ் வாங்கிய அடி, சாதாரண அடி அல்ல. வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடருக்கு முந்தைய ஏழு ஆட்டத் தொடரில் அது மூன்றாவது தோல்வி. இன்னும் ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் முதல் மூன்று ஆட்டங்களைப் பறிகொடுத்த அணி அந்தத் தொடரை வென்றதாக அதுவரை சரித்திரமே கிடையாது.

பதினோரு நாள் கழித்து அதே அணி வேர்ல்ட் சீரீஸ் கோப்பையைத் தூக்கியது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரெட் சாக்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. வரிசையாக எட்டு வெற்றி.

இந்தக் கதையை அமெரிக்காவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஒரு சாபம் இருந்தது, 86 ஆண்டுகள் பிடித்து ஆட்டியது, 2004இல் விலகியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 86 ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் புரட்டினால் சாபத்தைவிடச் சுவாரசியமான சமாசாரங்கள் அகப்படுகின்றன. அவற்றில் பல, அணியை நடத்தியவர்களுக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல.

விற்றது யார், வென்றது யார்?

ரெட் சாக்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1918இல். அந்த அணியில் பேப் ரூத் இருந்தார். பந்து வீசுவதிலும் கெட்டி, அடிப்பதிலும் கெட்டி. 1919 டிசம்பரில் அப்போதைய உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி, அவரை யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றார். ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளரும்கூட. கையில் பணம் தட்டுப்பாடு. அதுவரை ஒரு வேர்ல்ட் சீரீஸ்கூட வெல்லாத யாங்கீஸ், 2000ஆம் ஆண்டுக்குள் 26 வென்றது. ரெட் சாக்ஸ் கணக்கில் அதே காலத்தில் பூஜ்யம்.

வெறும் பூஜ்யமாக இருந்திருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். இது கைக்கெட்டி வாய்க்கெட்டாத பூஜ்யம். 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை இறுதித் தொடருக்குப் போய், நான்கு முறையும் கடைசி ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். 1986இல் கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலையில் ஆறாவது ஆட்டம் கை நழுவியது. பில் பக்னரின் கால்களுக்கு நடுவே உருண்டு போன பந்தைத்தான் ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பந்து உருள்வதற்கு முன்பே ஸ்கோர் சமமாகிவிட்டிருந்தது என்பதையும், அடுத்து ஏழாவது ஆட்டம் ஒன்று மிச்சம் இருந்ததையும் யாரும் சொல்வதில்லை. பலிகடா கிடைத்துவிட்டால் கணக்குப் பார்ப்பவர் யார்?

2003இல் இன்னொரு அடி. இறுதித் தொடருக்கு முந்தைய தொடரில் யாங்கீஸுடன் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். ரெட் சாக்ஸ் 5-2 என முன்னிலை. பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸ் களைத்துவிட்டார் என்பது டி.வி. பார்த்தவர்களுக்கே தெரிந்தது. மேனேஜர் கிரேடி லிட்டில் மைதானத்துக்குள் நடந்து வந்தார், பேசினார், பெட்ரோவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் கோச்சும் கேப்டனும் சேர்ந்த ஆள், பிட்சரை எப்போது மாற்றுவது என்பது அவர் கையில்.) யாங்கீஸ் சமன் செய்தது. பதினோராவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டின் பந்தை ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். லிட்டிலுக்கு வேலை போனது.

பாஸ்டன் பத்திரிகையாளர் டான் ஷானஸி ‘பேம்பினோவின் சாபம்’ என்று புத்தகம் எழுதியது 1990இல்தான். பேம்பினோ என்பது ரூத்தின் செல்லப்பெயர். விற்பனை நடந்து எழுபது ஆண்டு கழித்து ஊர் வாயில் புழங்கத் தொடங்கிய சாபம் இது! ஆனாலும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. காரணம் எளிது. சாபத்தின் மீது பழி போட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று கறுப்பின வீரர்கள் இதே ஃபென்வே பார்க்கில் தேர்வுக்கு வந்து ஆடிக் காட்டினார்கள். ரெட் சாக்ஸ் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டே ஆண்டில் ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி நிறவெறிச் சுவரை உடைத்தார். மேஜர் லீக்கில் கறுப்பின வீரரைக் களம் இறக்கிய கடைசி அணி ரெட் சாக்ஸ். ஆண்டு 1959. பம்ப்ஸி கிரீன் என்ற வீரர் உள்ளே வர, ராபின்சனுக்குப் பிறகு 12 ஆண்டுகள் ஆயின. மற்ற அணிகள் நாட்டின் தலைசிறந்த வீரர்களை அள்ளிக்கொண்டிருந்தபோது, பாதி வாசலைச் சாத்திவைத்துக்கொண்டு ஆள் தேடிய அணி எப்படி ஜெயிக்கும்? இதற்கு ரூத்தின் ஆவி எதற்கு?

கணக்குப் பிள்ளைகள் வந்தார்கள்

2002இல் அணி கைமாறியது. புதிய முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி, சரக்குச் சந்தை வர்த்தகத்தில் எண்களை நம்பியே பணம் சேர்த்தவர். ‘மணிபால்’ படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கடைசியில் பிராட் பிட்டை ஒருவர் ஃபென்வே பார்க்குக்கு அழைத்து வேலை தருவதாகச் சொல்வாரே, அவர்தான். நிஜத்தில், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பொது மேலாளர் வேலையை, பிட் நடித்த பாத்திரத்தின் அசலான பில்லி பீன் மறுத்ததும் அது 28 வயது தியோ எப்ஸ்டீனுக்குப் போனது. பாஸ்டன் பக்கத்திலேயே வளர்ந்த பையன், சிறுவயதிலிருந்தே ரெட் சாக்ஸ் பைத்தியம். ஆலோசகராக பில் ஜேம்ஸ் வந்தார். கான்ஸஸ் மாநிலத்தில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தபடி பேஸ்பால் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து எழுதத் தொடங்கியவர் இவர். பல ஆண்டுகளாகப் பெரிய அணிகள் அவரை அண்டவிட்டதில்லை.

இவர்கள் வாங்கிய ஆட்களைப் பாருங்கள். மினசோட்டா அணி வேண்டாம் என்று கழற்றிவிட்ட டேவிட் ஓர்டிஸ். அவரை எடுங்கள் என்று நச்சரித்தது சக டொமினிக்கன் நாட்டவரான பெட்ரோ. ஜப்பானுக்கு ஆடப் போகவிருந்த கெவின் மில்லர். பெரிதாகப் பெயர் வாங்காத பில் மியூலர், மார்க் பெல்ஹார்ன். பிரமாதமாக அடிப்பவர்களா என்று மட்டும் பார்க்காமல், அவுட் ஆகாமல் பேஸை அடைகிறவர்களா என்று பார்த்து எடுத்தார்கள். ஏற்கெனவே அணியிலிருந்த நட்சத்திரம் மேனி ராமிரெஸைக்கூட, அவருடைய சம்பளத்தை ஏற்றுக்கொள்ளும் எந்த அணியும் இலவசமாக எடுத்துப் போகலாம் என்று 2003 அக்டோபரில் அறிவித்தார்கள். ஓர் அணியும் வரவில்லை! அந்த மேனிதான் 2004 வேர்ல்ட் சீரீஸின் மிகச் சிறந்த வீரர்.

எல்லாம் திட்டப்படியே நடந்ததாகச் சொல்வதும் தவறு. அன்றைய சூப்பர் ஸ்டார் அலெக்ஸ் ரோட்ரிகெஸை வாங்க ரெட் சாக்ஸ் பேசி முடித்திருந்தது. ஒப்பந்தத் தொகையைக் குறைக்கக் கூடாது என்று வீரர்கள் சங்கம் முட்டுக்கட்டை போட்டதால் பேரம் முறிந்தது. 2004 பிப்ரவரியில் அவரை அள்ளிக்கொண்டு போனது யாங்கீஸ். பாஸ்டனுக்கு இருந்த ஆறுதல், அதற்கு முன்பே அரிசோனாவிலிருந்து வந்திருந்த பிட்சர் கர்ட் ஷில்லிங். அவரைச் சம்மதிக்க வைக்க எப்ஸ்டீன் நன்றி நவிலும் திருநாள் விருந்தை ஷில்லிங் வீட்டிலேயே சாப்பிட்டார். புதிய மேனேஜராக டெர்ரி ஃப்ரான்கோனா பொறுப்பேற்றார்.

ஜூலை 24இல் யாங்கீஸுடன் கைகலப்பு. கேட்சர் ஜேசன் வேரிடெக், ரோட்ரிகெஸின் முகத்தில் கையுறையோடு கை வைத்துத் தள்ளும் புகைப்படம் இன்றும் பாஸ்டன் மதுக்கடைச் சுவர்களில் தொங்குகிறது. சீசனைத் திருப்பியதே அந்தச் சண்டைதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குப் பிறகும் ஆகஸ்ட் நடுவில் ரெட் சாக்ஸ், யாங்கீஸைவிடப் பத்து ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கித்தான் கிடந்தது.

உண்மையான திருப்பம் ஒரு வாரம் கழித்து, ஜூலை 31இல் நடந்தது. வீரர் பரிமாற்றக் கெடு முடியும் நாள். பாஸ்டனின் செல்லப்பிள்ளை நோமர் கார்சியபாராவை எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார். இரண்டு முறை பேட்டிங் பட்டம் வென்றவர். சின்னப் பையன்கள் முதுகில் அவர் பெயர். ஊர் கொந்தளித்தது. பதிலுக்கு வந்தவர்கள் ஓர்லாண்டோ கப்ரேரா, டக் மீன்ட்கேவிச் என்ற இரண்டு நல்ல ஃபீல்டர்கள். அணியின் பலவீனம் ஃபீல்டிங் என்று கணக்கு சொன்னது. பாசத்தை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு அதைச் சரிசெய்தார்கள். அதே நாள் இன்னொரு சின்னப் பரிமாற்றமும் நடந்தது. வேகமாக ஓடுவார் என்பதற்காகவே டாட்ஜர்ஸிலிருந்து டேவ் ராபர்ட்ஸ் வந்தார். பத்திரிகைகளில் அவருக்கு ஓரிரு வரி.

ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆடிய 22 ஆட்டங்களில் 20 வெற்றி. சீசன் முடிவில் 98 வெற்றி, 64 தோல்வி. யாங்கீஸுக்கு 101. இரண்டாமிடத்துக்கான வைல்டு கார்டு வழியாக பிளே-ஆஃப் நுழைந்த ரெட் சாக்ஸ், ஏஞ்சல்ஸை 3-0 என வாரிச் சுருட்டியது. பிறகுதான் யாங்கீஸ். பிறகுதான் அந்த 19-8.

முப்பது கஜ தூரம்

அக்டோபர் 17. நான்காவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. யாங்கீஸ் 4-3 முன்னிலை. பந்து வீச நிற்பவர் மரியானோ ரிவேரா. முடிக்கும் பிட்சர்களில் அவருக்கு மிஞ்சிய ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுகூடக் குறையாமல் தேர்வான முதல் வீரர் அவர்தான். பத்திரிகையாளர்கள் பாதி இரங்கற்பாவை எழுதியே முடித்திருப்பார்கள்.

மில்லருக்கு ரிவேரா நான்கு மோசமான பந்து வீசினார். விதிப்படி பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். மில்லர் மெதுவாக ஓடுபவர். ஃப்ரான்கோனா, ராபர்ட்ஸை அவருக்குப் பதிலாக இறக்கினார். இறங்கும்போது வாய் திறந்து எதுவும் சொல்லவில்லையாம்; கண்ணடித்தார், அவ்வளவுதான். இரண்டாவது பேஸைத் திருட வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

பிட்சர் பந்தை பேட்டரை நோக்கி வீசத் தொடங்கும் கணத்தில், முதல் பேஸில் நிற்பவர் இரண்டாவது பேஸுக்குப் பறக்க வேண்டும். தூரம் 90 அடி. கேட்சர் பந்தைப் பிடித்து அங்கே எறிந்து, ஃபீல்டர் அதைக் கொண்டு இவரைத் தொடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் பிழைத்தார். இதைத் தடுக்க பிட்சர், பேட்டருக்கு வீசாமல் சட்டென்று முதல் பேஸுக்கே எறிந்து பார்ப்பதும் உண்டு. 2019 ஐ.பி.எல்.லில் அஸ்வின், பட்லரை அவுட் ஆக்கியபோது ஆட்ட தர்மம் பற்றி எத்தனை பேர் வகுப்பெடுத்தார்கள்! பேஸ்பாலில் அது தினசரிச் சங்கதி; கிரீஸைத் தாண்டி நின்றால் உன் பாடு.

ராபர்ட்ஸ் திருடப் போகிறார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேராவுக்குத் தெரியும். கேட்சர் பொசாடாவுக்குத் தெரியும். டாட்ஜர்ஸில் இருந்தபோது ராபர்ட்ஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் மவுரி வில்ஸ். 1962இல் ஒரே சீசனில் 104 முறை திருடியவர். நீ திருடுவாய் என்று அத்தனை பேருக்கும் தெரிந்தும் திருடியே ஆக வேண்டிய ஒரு நாள் வரும், அன்றைக்குப் பயப்படாதே என்று அவர் சொல்லியிருந்தாராம். அந்த நாள் இதுதான் என்று ராபர்ட்ஸுக்குப் புரிந்தது.

ரிவேரா முதல் பேஸுக்கு எறிந்தார். ராபர்ட்ஸ் திரும்பிவிட்டார். மறுபடி எறிந்தார். மூன்றாவது முறையும் எறிந்தார். ராபர்ட்ஸ் மறுபடியும் தப்பினார். மணிக்கணக்கில் குளிரில் உட்கார்ந்திருந்த கால்கள் அந்த மூன்று எறிகளில்தான் சூடேறின என்று ராபர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். ரிவேரா நான்காவது முறை பேட்டருக்கு வீசினார். ராபர்ட்ஸ் கிளம்பினார். பொசாடாவின் எறி நல்ல எறி. யாங்கீஸ் ஃபீல்டர் ஜீட்டர் பந்தைப் பிடித்துக் கையைக் கீழே இறக்குவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டிருந்தது. மியூலர் அடுத்து அடித்த பந்து ரிவேராவைத் தாண்டி நடு மைதானத்துக்கு ஓடியது. ராபர்ட்ஸ் ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்தார். 4-4.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்டிஸின் ஹோம் ரன். 6-4. மணி அதிகாலை 1:22.

அன்றைய தேதி முடிவதற்குள் இன்னொரு வெற்றியும் வந்தது. ஐந்தாவது ஆட்டம் மாலையில் தொடங்கி 14 இன்னிங்ஸ், 5 மணி 49 நிமிடம் இழுத்தது. எட்டாவது இன்னிங்ஸில் மீண்டும் ராபர்ட்ஸ் ஓட இறங்கிச் சமன் செய்த ரன்னைக் கொண்டுவந்தார். கடைசியில் பந்து வீச வந்தவர் யார் தெரியுமா? டிம் வேக்ஃபீல்ட். ஓராண்டுக்கு முன் பூனிடம் அடி வாங்கியவர். நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வாய்ப்பை 19-8 இரவில் அணிக்காகத் தானாக விட்டுக்கொடுத்தவரும் அவரே. அவருடைய நக்கிள்பால் எந்தப் பக்கம் வளையும் என்று அவருக்கே தெரியாது. அதைப் பிடித்துப் பழகாத வேரிடெக், பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பந்தைக் கோட்டைவிட்டார். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் யாங்கீஸுக்கு ரன் விழவில்லை. பதினான்காவதில் ஓர்டிஸ் அடித்த பந்தில் ஜானி டேமன் ஓடிவர, 5-4.

ரத்தம் தோய்ந்த காலுறை

ஆறாவது ஆட்டம், நியூயார்க். ஷில்லிங்கின் வலது கணுக்காலில் தசைநாரைப் பிடித்து வைக்கும் உறை கிழிந்திருந்தது. எலும்பின் மேல் தசைநார் வழுக்கிக்கொண்டே இருந்தால் பந்து வீச முடியாது. அணியின் மருத்துவர் பில் மார்கன் ஒரு வழி கண்டுபிடித்தார்: தோலை உள்ளே இருக்கும் திசுவோடு சேர்த்துத் தைத்து, தசைநார் நகராதபடி ஒரு தடுப்பு போடுவது. யாருக்கும் செய்து பார்த்திராத வைத்தியம். முதலில் ஒரு சடலத்தின் காலில் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷில்லிங் மீது கை வைத்தார். ஷில்லிங் ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். வெள்ளைக் காலுறையில் ரத்தம் கசிவதை கேமரா நெருங்கி நெருங்கிக் காட்டியது. 4-2.

ஏழாவதில் யாங்கீஸ் எழுந்திருக்கவே இல்லை. முதல் இன்னிங்ஸில் ஓர்டிஸின் ஹோம் ரன், இரண்டாவதில் டேமனின் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்). 10-3. இரண்டே நாள் ஓய்வில் வந்து ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்த டெரிக் லோ, பிளே-ஆஃபுக்கு முன் தொடக்க பிட்சர் வரிசையிலிருந்து கழற்றிவிடப்பட்டவர். அந்த அக்டோபரில் மூன்று தொடர்களை முடித்துவைத்த மூன்று ஆட்டங்களிலும் வெற்றி பெற்ற பிட்சர் அவர்தான்.

வேர்ல்ட் சீரீஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதே ஆச்சரியம். எதிரணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த ஆண்டு 105 வெற்றி கண்ட பெரிய அணி. முதல் இரண்டு ஆட்டங்களிலும் ரெட் சாக்ஸ் தலா நான்கு பிழை செய்தது, அப்படியும் வென்றது. நான்கு ஆட்டங்களில் ஒரு கணம்கூடப் பின்தங்கவில்லை. அக்டோபர் 27, முழுச் சந்திர கிரகணம். கடைசி பேட்டர் எட்கர் ரென்டேரியா முதுகில் எண் 3. ரூத்தின் எண்! அவர் தட்டிய பந்து பிட்சர் கீத் ஃபோக்கின் கைக்கே வந்தது. அவர் அதை முதல் பேஸில் மீன்ட்கேவிச்சிடம் மெதுவாகப் போட்டார். முடிந்தது. அந்தப் பந்து யாருக்குச் சொந்தம் என்று மீன்ட்கேவிச்சும் அணியும் பிறகு மல்லுக்கட்டியது தனிக் கதை. ரெட் சாக்ஸ் வழக்கம்போலத் தோற்கும் என்று நம்பி எடுத்துக்கொண்டிருந்த ‘ஃபீவர் பிட்ச்’ சினிமாக்காரர்கள், அவசரமாக நடிகர்களை மைதானத்துக்குள் ஓடவிட்டு முடிவை மாற்றிப் படம்பிடித்தார்கள்.

மறுநாள் முதல் மாசசூசெட்ஸ் முழுக்கக் கல்லறைகளில் ரெட் சாக்ஸ் கொடிகளும் செய்தித்தாள்களும் முளைத்தன. அப்பாவும் தாத்தாவும் பார்க்காமல் போனதை, பிள்ளைகள் கொண்டுபோய்ச் சொன்னார்கள். கொண்டாட்டத்தில் ஒரு கறையும் உண்டு. யாங்கீஸை வீழ்த்திய இரவில் ஃபென்வே பார்க் வெளியே கூட்டத்தைக் கலைக்க போலீஸ் சுட்ட மிளகுத்தூள் குண்டு தாக்கி, 21 வயது மாணவி ஒருவர் இறந்தார். ரத்தக் காலுறையை ஆயிரம் முறை காட்டிய டி.வி.கள் அந்தப் பெண்ணை வெகு சீக்கிரம் மறந்தன.

ரெட் சாக்ஸ் 2007, 2013, 2018 என மேலும் மூன்று கோப்பைகளை வென்றது. யாங்கீஸ் அதே காலத்தில் வென்றது ஒன்றே ஒன்று, 2009இல். 2008 சீசனின் முதல் சொந்த மண் ஆட்டத்துக்கு பக்னரை அழைத்து முதல் பந்தை வீசச் சொன்னார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போய், 1908க்குப் பிறகு கோப்பையே காணாத அந்த அணிக்கும் 2016இல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். 2004 வேர்ல்ட் சீரீஸில் ஒரு பந்துக்கும் களமிறங்காத ராபர்ட்ஸ், மேனேஜராக டாட்ஜர்ஸுக்கு 2020, 2024, 2025 என மூன்று கோப்பைகள் வென்றுவிட்டார். 2024இல் அவர் இறுதித் தொடரில் தோற்கடித்தது யாங்கீஸை.

நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் யூடியூபில் கிடைக்கிறது. பேஸ்பால் தெரியாது என்று தயங்க வேண்டாம். ரிவேரா முதல் பேஸுக்கு எறியும் அந்த மூன்று எறிகளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள், விதிகள் தானாகப் புரியும்.